மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை அவர்கள்

கலைஞனாற் கருவி சிறப்பெய்துமோ, கருவியாற் கலைஞன் சிறப்பெய்துவானோ என்னும் வினா மிகப் பழமையானது. எனினும் ஒவ்வொரு தலைமுறையினரும் அதனைத் தமக்கெனப் புதிதாக எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். சென்ற கோடை விடுமுறையில் யாம் நெய்க்காரப்பட்டியிலுள்ள எம் இல்லத்தில் தங்கியிருந்தபோது, நம் கலாசாலை மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்தார். அவர் பேஸ் கிதார் வாசிப்பவர். ஆலய ஆராதனையிலும் கலாசாலை விழாக்களிலும் பாடகருக்குத் துணை நிற்பவர். மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் என்னும் பெட்டி ஒன்றை வாங்க விரும்பி, நான்கைந்து கம்பெனியாரின் விளம்பரத் தாள்களை எம்முன் பரப்பி, இவற்றுள் எதனைத் தெரிந்துகொள்வது என வினவினார்.

காலால் மிதித்து இயக்கும் அச்சிறு பெட்டி பல வித்தைகளைத் தன்னுள் அடக்கியது. உரத்த ஒலியையும் மெலிந்த ஒலியையும் ஒருசீராக்கும் கம்ப்ரஸர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், ஒன்றைப் பலபோலக் காட்டும் கோரஸ், ஒரு ஸ்தாயி கீழிறக்கும் ஆக்டேவர், எதிரொலி எழுப்பும் டிலே முதலியன அதனுள் உள. ஒரு பெட்டி நூறு குரல்கள் தருவதாகச் சொல்லியது. மற்றொன்று சில குரல்களே தரினும் அவை தெளிந்தவை என்றது. மாணாக்கரிடமிருந்த பொருளோ ஒன்றை வாங்குதற்கே போதுவது. அதுவும் அவர்தம் தந்தையார் நெல் விற்றுக் கொடுத்தது. தெரிவு பிழைத்துவிடின் மறுமுறை வாங்க வழியில்லை. அவர் முகத்திற் கண்ட கவலை சிறிதன்று.

யாம் உடனே விடை கூறவில்லை. நெய்க்காரப்பட்டியினின்று கிழக்கே நோக்குவார்க்குப் பழனிமலை தோன்றும். அம்மலையூரின் பெயரைத் தம் பெயர்க்கு முன்னே தாங்கி, தோற்கருவியொன்றின் தாழ்ந்த குரலைத் தம் உள்ளங்கையாலேயே பலவாறு பேசுவித்த பெரியார் ஒருவரின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தோம். அதனையே ஈண்டு நம் சஞ்சிகை வாசகர்க்கும் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் 1908-ஆம் வருஷம் பிறந்தார். தந்தையார் பழனி முத்தையா பிள்ளை அவர்கள், லய வித்தையில் தேர்ந்த வித்துவான். அவர், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவர்களின் மாணாக்கர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த பெருமை மான்பூண்டியா பிள்ளை அவர்களையே சாரும். மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் புகழ்பெற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர்களும் அம்மரபிற் செழித்தவரே. கணக்கின் நுட்பத்திற்குப் பேர்போன இப்புதுக்கோட்டை வழியே நம் பிள்ளையவர்களுக்குக் குலச்செல்வமாய் வாய்த்தது. வீட்டிலேயே குருவும் கருவியும் அமைந்த பாக்கியம் எல்லார்க்கும் கிடைப்பதொன்றன்று.

ஆயின் அப்பாக்கியத்தோடு ஓர் இடையூறும் உடன்பிறந்தது. பிள்ளையவர்கள் இடக்கையர். இதன் பொருளை உணர வேண்டுமாயின் மிருதங்கத்தின் அமைப்பையும் மேடையின் வழக்கத்தையும் சிறிது அறிதல் வேண்டும்.

மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து இரு முகங்களிலும் தோல் போர்த்திய கருவி. வலந்தலை எனப்படும் முகத்தின் நடுவே கருமையான சோறு நிலையாகப் பூசப்பட்டிருக்கும். தொப்பி எனப்படும் மற்றை முகத்தின் நடுவிலோ, கச்சேரிக்கு முன் இரவையை நீரிற் பிசைந்து அப்பி, முடிந்தபின் எடுத்துவிடுவர். சாதாரணத் தோற்பறையில் அடிநாதத்தோடு எழும் மேல்நாதங்கள் ஒன்றோடொன்று இயையா; முதல் மேல்நாதம் அடிநாதத்தின் ஏறக்குறைய 1.59 மடங்காக நின்று இரைச்சலையே தரும். மிருதங்கத்தின் கருஞ்சோறு தோலின் நடுவைக் கனமாக்கி, அந்நாதங்களை 1, 2, 3, 4, 5 என்னும் ஒழுங்கில் நிறுத்துகின்றது. இவ்வுண்மையை ஸர் சி. வி. ராமன் அவர்கள் ஆராய்ந்து 1920-ஆம் வருஷம் உலகிற்கு வெளியிட்டார்கள். இத்தகைய தோல்களை அளந்து வெட்டி, மூட்டி, சோறிட்டுப் பதப்படுத்தும் தொழிலாளருள் தஞ்சையைச் சார்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தார் பலர். மேடையிற் புகழ் பெறாத அவர்தம் உழைப்பை டி. எம். கிருஷ்ணா அவர்கள் எழுதி 2020-ஆம் வருஷம் வெளிவந்த நூல் விரித்துரைக்கின்றது.

வலந்தலை சுருதியோடு ஒன்றி நின்று பாட்டைத் தாங்குவது. தொப்பி கீழ்க்குரலில் நின்று பாட்டிற்கு அடித்தளமாவது. மேனாட்டு வாத்தியக் குழுவில் பேஸ் கிதார் ஆற்றும் பணியை நம் கச்சேரியில் ஆற்றுவது பெரும்பாலும் இத்தொப்பியே எனின் மிகையன்று.

கச்சேரியிற் பாடகர் நடுவே அமர்வார். அவருக்கு வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்தல் வழக்கு. அங்ஙனம் அமர்ந்தாலன்றி வலந்தலையின் முகம் சபையோரை நோக்காது. இடக்கையர் வாசிக்கும்போது கருவி திரும்பிவிடும் ஆதலால், வயலின் வித்துவானும் அவரும் இடம் மாறி அமர வேண்டும். அந்நாளைய வயலின் வித்துவான்களுட் சிலர் இதற்கு இசைந்திலர். பழகிய இருக்கையை விடுதல் அவர்கட்கு வசதிக் குறைவாகவும் மதிப்புக் குறைவாகவும் தோன்றியது. ஆகவே கை தேர்ந்தும், கணக்கு தெளிந்தும், உட்கார இடமின்மையாலேயே மேடை கிட்டாத நிலை இளைஞராகிய பிள்ளையவர்களுக்கு நேர்ந்தது. வித்தையிற் குறையுள்ளவன் உழைத்து அதனை நீக்கிக்கொள்ளலாம். பிறவியில் வந்த கையை யார் மாற்றுவர்?

இக்காலத்தே அவருக்கு உற்ற துணையாய் வந்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவர்கள். வெண்கலக் குரலுக்கும் விரிந்த உள்ளத்திற்கும் ஒருங்கே பெயர்பெற்ற பாகவதர், இளைஞரின் வாசிப்பிலே உயர்வைக் கண்டு, இருக்கை வழக்கு அதற்குத் தடையாதல் தகாதெனக் கொண்டு, தம் கச்சேரிகளிற் பிள்ளையவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். முன்னணிப் பாடகர் ஒருவர் இங்ஙனம் உறுதிபட நின்றமையின் மற்றையோரும் நாளடைவில் இணங்கினர். பிறர் திறமைக்கு இடம் விட்டுக் கொடுப்பதும் ஒரு வித்தையே என்பதை நம் மாணாக்கர் இவ்விடத்திற் குறித்துக்கொள்வாராக.

செம்பை அவர்களோடு மைசூர் டி. சௌடையா அவர்கள் வயலினும் பிள்ளையவர்கள் மிருதங்கமும் வாசித்த கச்சேரிகள் ரசிகர்களாற் பெரிதும் போற்றப்பட்டவை. எம் மாணாக்கரின் வினாவிற்கு இம்மேடையே ஓர் அரிய பாடமாக அமைந்துள்ளது. ஒலிபெருக்கி பரவாத நாளில், பெரிய பந்தலின் கடைக்கோடி வரை தம் இசை எட்ட வேண்டுமெனக் கருதிய சௌடையா அவர்கள், நான்கு தந்திகளுடைய வயலினுக்கு மேலும் மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலினைக் கையாண்டார். அஃது கருவியையே மாற்றிக்கொண்ட வழி. அவருக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருந்த பிள்ளையவர்களோ கருவியில் ஒன்றையும் கூட்டிலர். கையினாலேயே வேண்டுவன எல்லாம் பெற்றனர். இரண்டும் நல்வழிகளே. சௌடையா அவர்கள் புதுமை விருப்பால் தந்தியைக் கூட்டினாரல்லர். தம் குறை யாது என்பதைத் தெளிவாக அறிந்து, அக்குறை நீங்குமளவே கூட்டினார்.

இனிப் பிள்ளையவர்களின் கைவண்ணத்தைச் சிறிது கூறுவோம். தொப்பியில் விரல்களாலும் உள்ளங்கையாலும் அடித்தெழுப்பும் ஒலி ஒருவகை. அடித்தவுடன் மணிக்கட்டின் அடிப்புறத்தைத் தோலின்மீது அழுத்தி நகர்த்தினால், அவ்வொலி கீழிருந்து மேலாக வழுக்கிச் சென்று புறாவின் குமுறல் போல ஒலிக்கும். இதனைக் கும்கி என்பர். இரவை மிகுந்தால் ஒலி மந்தமாகும்; குறைந்தால் வறளும்; காய்ந்தால் நடுக்கச்சேரியில் மீண்டும் நீர் தொட்டுத் தடவ வேண்டும். சபையின் வெப்பமும் காற்றின் ஈரமும் இதனை மாற்றும். இவ்வளவையும் செவியாலேயே அளந்து அமைத்தல் வேண்டும். பிள்ளையவர்களின் கும்கி இனிமைக்கு உவமையாகப் பேசப்பட்டது. அதனினும் பெரிது, அவர் அதனை வேண்டிய இடத்திலன்றி வாசியாமை. விளம்பமான கீர்த்தனத்தில் பாடகர் ஓரிடத்தில் நின்றால், இவரும் கையை அடக்கி நிற்பர். சொல் மீண்டும் எழும்போது ஒரு கும்கி அதன் அடியில் வந்து தாங்கும். புதுக்கோட்டைக் கணக்கின் ஆழம் கைவரப் பெற்றிருந்தும், அதனைச் சபையோர்க்குக் காட்டுதலையே நோக்கமாகக் கொண்டாரல்லர்.

கஞ்சிராவிலும் அவர் வல்லவர். அந்நாளில் உடும்புத் தோல் போர்த்திய அச்சிறு கருவியில் உட்புறம் நீர் தெளித்துத் தோலைத் தளர்த்தினாலன்றித் தாழ்ந்த நாதம் பிறவாது. பாலக்காடு மணி ஐயர் அவர்கள் மிருதங்கம் வாசிக்க, அவருக்குத் துணையாகப் பிள்ளையவர்கள் கஞ்சிரா வாசித்த கச்சேரிகளும் உண்டு. மிருதங்கத்தில் தமக்கு நிகரெனப் பேசப்படும் ஒருவர்க்கு இரண்டாம் இடத்தில் அமர்ந்து வாசித்தலை அவர் தாழ்வெனக் கருதிற்றிலர். மணி ஐயர், பழனி, இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என ரசிக உலகம் போற்றுவதாயிற்று. ஒரு காலத்து உட்கார இடம் மறுக்கப்பட்ட கை, இங்ஙனம் தனக்கென ஓரிடத்தைத் தானே நிறுவிக்கொண்டது.

1962-ஆம் வருஷம், 54-ஆம் வயதளவில், பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்கள். பக்கவாத்தியக்காரர்க்குப் பெரும் பட்டங்கள் எளிதிற் கிட்டாத காலம் அது. சென்னை சங்கீத வித்துவ சபையாரின் சங்கீத கலாநிதிப் பட்டம் மிருதங்க வித்துவான் ஒருவர்க்கு முதன்முதலாக, மணி ஐயர் அவர்கட்கு, வழங்கப்பெற்றதே 1966-ஆம் வருஷத்தில்தான். எனினும் அவர்தம் வித்தை மாணாக்கர்பால் நிலைத்தது. அவருள் ஒருவரான திருச்சி சங்கரன் அவர்கள் 1971 முதல் கனடா தேசத்து யார்க் சர்வகலாசாலையிற் கற்பித்து அம்மரபைக் கடல் கடந்து பரப்பினார். 2011-ஆம் வருஷத்திற்குரிய சங்கீத கலாநிதிப் பட்டமும் அவரை அடைந்தது.

பிள்ளையவர்கள் மறைந்த அதே 1962-ஆம் வருஷத்திலேதான் அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியார் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் மிதிபெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஒலியைக் கரகரப்பாக்கும் அவ்வொரு வித்தையை மட்டுமே அது அறியும். எம் மாணாக்கர் கையிலிருந்த தாள்களிற் கண்ட பெட்டிகள் அனைத்தும் அதன் வழிவந்த பேரப்பிள்ளைகள் எனலாம்.

வரலாற்றைக் கேட்டு முடித்த மாணாக்கர், அங்ஙனமாயின் பெட்டியே வேண்டாமோ என்றார். யாம் அங்ஙனம் கூறவில்லை. இரவையும் ஒரு பூச்சே. நீரும் ஒரு துணையே. பிள்ளையவர்கள் அவற்றைத் தள்ளினாரல்லர், அளவறிந்து கொண்டார். ஆதலின் பெட்டி வாங்குவோர் நோக்கத்தக்கவை சில கூறினோம். பேஸ் கிதாரின் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. சாதாரணக் கிதாருக்கென அமைத்த ஓவர்டிரைவ் இத்தாழ்ந்த நாதத்தைப் பெரும்பாலும் தின்றுவிடும். எனவே கலப்பில்லாத மூல ஒலியையும் மாறிய ஒலியையும் வேண்டிய அளவிற் கலந்து தரும் வசதி பெட்டியில் உளதா எனக் காணவேண்டும். கம்ப்ரஸர் செவ்வையாய் இயங்குகின்றதா என்பதை நூறு குரல்களுக்கு முன்னே சோதிக்க வேண்டும். ஆராதனை நடுவே குனிந்து தேடாமற் காலாலேயே ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாறக் கூடுமா என்பதும் காணத்தக்கது. கடைக்குத் தம் சொந்தக் கிதாரையே கொண்டுசெல்ல வேண்டும். தனித்து வாசித்துப் பார்த்தல் போதாது. உடன் பாடுவோரும் தாளம் வாசிப்போரும் இருக்கக் கேட்டல் வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னே, தாம் வாசிக்கும் பாட்டுகளில் எவ்விடத்தில் எக்குரல் வேண்டும் என ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தாளில் மூன்று குரல்களே இருப்பின், அம்மூன்றையும் நன்கு தருவதே அவருக்கேற்ற பெட்டி.

மாணாக்கர் விளம்பரத் தாள்களை மடித்து வைத்து, அவற்றுள் ஒன்றன் பின்புறத்திலேயே பாட்டுகளின் பெயர்களை எழுதத் தொடங்கினார். எழுதி முடிக்கையில் மாலையாயிற்று.

பிறவியில் வந்த கையை இகழாது, கிடைத்த கருவியை வெறாது, பாடுவோர்க்குத் தாங்குதுணையாய் நின்று வாழ்ந்த பிள்ளையவர்களின் நினைவு நம் மாணாக்கர் உள்ளங்களில் நிலைப்பதாக. அவரவர்க்கு அளிக்கப்பட்ட தாலந்தை அவரவர் அறிந்து பயன்கொள்ள ஆண்டவர் அருள் புரிவாராக.