மருத்துவருக்கு முன்னே செவிலி: ஐடா ஸ்கடர் அம்மையார்

புளியந்தோப்பை அடுத்த பேசின் பாலத்தைக் கடந்து மேற்கே விரையும் புகைவண்டிகளில், கையில் மருத்துவக் கோப்புடன் காட்பாடிக்குச் செல்வோரை நாள்தோறும் காணலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் செல்வோர் அவர்கள். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரைத் தமிழகம் மருத்துவராகவே போற்றுகிறது. செவிலியர் கல்விக்கு அவர் இட்ட அடித்தளம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. நம் மாணவியருள் செவிலியர் பணியை விரும்புவோரும், அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் இருத்தலின், அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவத் தொண்டர்கள். ஐடாவுக்கோ அவ்வழியில் நாட்டமில்லை. அமெரிக்காவில் பயின்றவர், நோயுற்ற அன்னையைப் பேணும்பொருட்டே திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஓரிரவு மூன்று இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் பிறிதொரு வகுப்பைச் சேர்ந்த இந்து. மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் துன்புற்றிருந்தனர். மருத்துவரான தம் தந்தையாரை அனுப்புவதாக ஐடா கூறியும், ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதை எவரும் ஏற்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை. அவ்விரவே ஐடாவை மருத்துவம் பயில அனுப்பியது.

பெண் மருத்துவர் வேண்டும் என்பதற்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி எங்கும் சொல்லப்படுகிறது. அது மெய்யே. எனினும், இதனுள் வேறொன்றும் உண்டு எனக் கருதுகிறோம். அக்காலத்தில் பேறு பார்த்தவர் பரம்பரை மருத்துவச்சியரே. அவர்தம் கைப்பழக்கத்தை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பேற்று வலி எந்நேரத்தில் இயல்பு கடந்து இடராகிறது, எப்போது உதவி தேட வேண்டும் என்பதைக் கணிக்கும் முறையான பயிற்சி அவர்களுக்குக் கிட்டவில்லை. மருத்துவர் எத்துணை வல்லவராயினும், காலங்கடந்து அழைக்கப்பட்டால் என் செய்வார்?

அம்மையார் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் திரும்பினார். பங்களாவின் சிற்றறையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கியபோது, சலோமி என்னும் தமிழ்ப் பெண்மணியைத் தாமே உதவியாளராகப் பழக்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909இல், டெலியா ஹௌட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியாரின் துணையுடன் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. மருத்துவரை உருவாக்கும் முன்னர் ஒன்பது ஆண்டுகள் அவர் செவிலியரை உருவாக்கினார் என்பது கருதத்தக்கது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே இத்தகைய பயிற்சி தொடங்கியதாயினும், வேலூர்ப் பள்ளியின் வளர்ச்சி தனித்தன்மை உடையது.

செவிலி என்னும் சொல் நம் சங்க அகப்பாடல்களுக்குரியது. தலைவியின் மெலிவையும் நிறவேறுபாட்டையும் நுணுகிக் கண்டு கவலுறுபவள் செவிலித்தாய். கண்டது மெய், காரணமோ முருகணங்கு எனத் தவறாகக் கொண்டு வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவதும் உண்டு. அறிகுறியைக் காண்பது ஒன்று, காரணத்தை ஐயுற்று ஆராய்வது மற்றொன்று. இரண்டாவதே இக்காலச் செவிலியத்தின் உயிர்நிலை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பணியாற்றிய ஸ்குட்டாரி மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். கழிவுநீர்க் கால்வாய்கள் தூய்மை செய்யப்பெற்றபின், ஜூன் மாதம் அது 2 ஆகக் குறைந்தது. அவ்வெண்களைப் பின்னர் ஆராய்ந்தே அவர் தூய்மையின் முதன்மையை நிலைநாட்டினார். 1860இல் இலண்டனில் பயிற்சிப் பள்ளியும் கண்டார்.

இன்று இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வது சில நிமிடங்கள், உடனிருப்பவர் செவிலியர். பிள்ளை பெற்றவளின் கருப்பை கல்லென இறுகியுள்ளதா, தளர்ந்துள்ளதா, இரத்தப்போக்கு எத்துணை, நாடி முன்னைவிட விரைகிறதா என்று பார்ப்பவர் அவரே. இரத்த அழுத்தம் வீழும் முன்னரே நாடி விரைவது உண்டு. அழுத்தம் இயல்பாக உள்ளதே என அமைதியுறாமல், நாடியின் மாற்றத்தைக் கண்டு ஐயுற்று மருத்துவரை அழைப்பவர் ஓர் உயிரைக் காக்கிறார். எழுதிக்கொடுத்த மருந்தின் அளவு மிகையெனத் தோன்றின், கொடுக்குமுன் வினவுவதும் அவர் கடமையே. அதனைப் பணிவின்மை எனக் கருதுவது பேதைமை.

இத்தகு பணிக்கு மகளிர் எளிதில் முன்வரவில்லை. பிறர் உடலைத் தொடுதலும் இரவுப்பணியும் இழிவெனக் கருதப்பட்டன. இந்தியாவெங்கும் தொடக்கக்காலச் செவிலியருள் பெரும்பாலோர் கிறித்துவப் பெண்களே. திண்டிவனத்து முஸ்லிம் இளைஞரின் மறுப்பு அக்கால மரபிற்கு ஏற்றதே. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தில் குற்றமில்லை. ஆனால், அவ்வாறு விரும்பிய நம் குடும்பங்கள் அப்பணிக்குத் தம் புதல்வியரை அனுப்பினவா? பெரியோர்கள் எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

1930களின் இறுதியில் மருத்துவப் பட்டயப் படிப்பு நிறுத்தப்பட்டமையால், வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதில் அம்மையார் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942இல் பள்ளி பட்டம் அளிக்கும் கல்லூரியாயிற்று. 1946இல் செவிலியர் பள்ளியும் கல்லூரியாக உயர்ந்தது. நம் நாட்டில் செவிலியருக்கு முதன்முதலாகப் பட்டப்படிப்பு தொடங்கிய இடங்கள் தில்லியும் வேலூருமே. அதே ஆண்டில் அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கோடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதம் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.