துல்லியம் காத்த அறிஞர் சேஷாத்திரி

வேம்பும் துளசியும் மஞ்சளும் பிணி நீக்கும் என்பதை நம் முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்தனர். ஒரு மூலிகையில் பலவகைப் பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் பயன் தருவது எது? அஃது எவ்வளவு உள்ளது? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தால்தான் மருந்தின் அளவை வரையறுக்க இயலும். அளவு குறைந்தால் மருந்து பயன் தராது. மிகுந்தால் தீங்கு நேரலாம். தாவரப் பொருள்களின் இயல்பைக் கண்டறியும் இப்பணிக்கே தம் வாழ்நாளை வழங்கியவர் வேதியியல் அறிஞர் டி. ஆர். சேஷாத்திரி.

அவர் காவிரிக் கரையில் அமைந்த குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக் கல்வி பயின்ற சேஷாத்திரி, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்றார். குடும்பத்தில் செல்வம் இல்லை. இராமகிருஷ்ண மடத்தாரின் உதவியால் அவருடைய கல்வி தொடர்ந்தது. பட்டம் பெற்றதும் ஓராண்டுக் காலம் அவர்களுடைய பணிகளில் ஈடுபட்டுத் தம் நன்றியைச் செயலால் காட்டினார்.

1927ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் இராபின்சன் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகரில் வாழ்ந்த பிரிட்ஸ் பிரெகல் என்பவரிடம் நுண் பகுப்பாய்வு முறையைக் கற்றார். பிரெகல் அம்முறைக்காக 1923ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

நுண் பகுப்பாய்வு என்பது யாது? ஒரு பொருளை ஆக்சிசனில் முழுவதும் எரித்தால், அதிலுள்ள கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரசன் நீராகவும் மாறும். அவ்விரண்டையும் தனித்தனிக் குழாய்களில் உறிஞ்சச் செய்து எடை காண்பர். அவ்வெடையிலிருந்து பொருளில் இருந்த கார்பன், ஹைட்ரசன் ஆகியவற்றின் அளவைக் கணக்கிடுவர். முன்னர் இதற்கு ஏறத்தாழ 0.2 கிராம் பொருள் தேவைப்பட்டது. பிரெகல் அதனைச் சில மில்லிகிராமாகக் குறைத்தார். கூடை நிறையப் பூக்களை வடித்தாலும் சிறிதளவு தூய பொருளே கிடைக்கும். எனவே தாவர ஆய்வாளர்க்கு இம்முறை பெருந்துணையாயிற்று.

1930இல் தாயகம் திரும்பிய சேஷாத்திரி, கோயம்புத்தூரில் மண் பகுப்பாய்வாளராகப் பணியாற்றினார். பின்னர் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, அங்கு வேதியியல் துறையை வளர்த்தார். அவரும் மாணவர்களும் பருத்திப் பூவின் மஞ்சள் நிறமிகளை ஆராய்ந்தனர். பூக்களை உலர்த்தி, ஆல்கஹாலில் கொதிக்கவைத்து, கிடைத்த சாற்றை வற்றச் செய்து, நிறமியைப் படிகமாக்கினர். தூய்மை அடையும்வரை அப்படிகத்தைக் கரைத்து, மீண்டும் மீண்டும் படிகமாக்கினர்.

அந்நிறமிகளுள் ஒன்று காசிபெட்டின். வெங்காயத்திலும் காணப்படும் குவர்செட்டின் அதனை ஒத்தது. ஒரே ஓர் ஆக்சிசன் அணுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. ஒவ்வொன்றிலும் 4 மில்லிகிராம் எடுத்து எரித்தால், கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடை 0.4 மில்லிகிராம் அளவே வேறுபடும். குழாயில் ஒட்டிய சிறு ஈரமும் முடிவை மாற்றிவிடும். எடையில் நேரும் பிழை, ஒரு பொருளை வேறொரு பொருளாகக் காட்டிவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது விசாகப்பட்டினத்தின்மீது குண்டுகள் வீசப்பட்டன. பல்கலைக்கழகம் தற்காலிகமாகக் குண்டூருக்கு மாற்றப்பட்டது. வளர்த்த ஆய்வகத்தை விட்டுப் புதிய இடத்தில் பணியைத் தொடர வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயினும் சேஷாத்திரி ஆய்வைக் கைவிடவில்லை.

1949ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். காவிரிக் கரையில் பிறந்தவர் யமுனைக் கரையில் ஓர் ஆய்வு மரபை உருவாக்கினார். புங்கு, வேங்கை, செஞ்சந்தனம் முதலிய மரங்களின் பொருள்களும், பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன்களும் அங்கு ஆராயப்பட்டன. பல மொழி பேசும் மாணவர்கள் அவரிடம் பயின்றனர். அவர் வழிகாட்டுதலில் 150க்கும் மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றனர்.

1960ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1963இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1965இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். 1975ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார்.

இன்று ஒரு மூலிகைச் சாற்றிலுள்ள பல பொருள்களின் அளவைக் கருவிகள் சில நிமிடங்களில் காட்டுகின்றன. ஆயினும் ஒரு பொருளின் அமைப்பை முதலில் அறிந்தால்தான் அதன் அளவைக் கருவி கூற இயலும். அவ்வறிவை ஒவ்வொரு படிகமாகச் சேர்த்தவர்களுள் சேஷாத்திரி முன்னிற்கிறார். குளித்தலைச் சிறுவனைத் தில்லிவரை உயர்த்தியவை கல்வியும், சிறு பிழையையும் பொறுக்காத உழைப்புமே ஆகும்.

விடை எழுதுக

1. மூலிகையிலுள்ள பொருளின் அளவை அறிவது ஏன் தேவை?
2. தாவர ஆய்வாளர்க்கு நுண் பகுப்பாய்வு எவ்வாறு உதவியது?
3. காசிபெட்டின், குவர்செட்டின் ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு யாது?
4. உம் வீட்டில் பயன்படும் மூலிகை ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.