மாருதி எஞ்சினை ரேஸ் டிராக்கில் ஓடவிட்ட கோவைக்காரர்



கார் வச்சிருக்கிற சீனியர்கள் பேசும்போது இந்த யோசனையை நீங்களும் கேட்டிருப்பீங்க. த்ராட்டில் பாடியைக் கழற்றி லேத் பட்டறையில கொடு, மூணு நாலு மில்லிமீட்டர் போரிங் போடு, காத்து அதிகமா உள்ளே போகும், வண்டி பறக்கும்! நம்ம திருவண்ணாமலையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கோங்க. மளிகைக் கடைக்குப் போய்வந்த மாருதி 800 எஞ்சினை வைத்தே ரேஸ் கார் கட்டியவர் அவர். பெயர் சுந்தரம் கரிவரதன். ரேஸ் உலகத்துக்கு அவர் வெறும் ‘கரி’.

1954-ல் கோவையில், லட்சுமி மில்ஸ் நடத்திய தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தார். வசதிக்குக் குறைவில்லை. நினைத்திருந்தால் நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் மனசோ பட்டறையில் இருந்தது. கோவை எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்கே தெரியும். பஞ்சாலை இயந்திரம், பம்ப்செட், மோட்டார், வார்ப்படம் என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. அந்தக் கைகளோடு சேர்ந்து கார் கட்டுவதுதான் கரிக்குப் பிடித்த வேலை.

அன்றைய ரேஸ் எப்படி இருந்தது தெரியுமா? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அதுதான் டிராக். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அங்கே போவாங்க. ஓடியவை பெரும்பாலும் ஃபியட், ஹெரால்டு மாதிரி உள்ளூர்க் கார்கள்தான். மெக்கானிக்குகள் அவற்றை அக்கக்காகப் பிரித்து, கார்புரேட்டர் மாற்றி, ஹெட்டைச் சீவி, போர்ட்டைத் தேய்த்து ஓட விடுவாங்க. இன்னொரு பக்கம், பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த ரேஸ் கார்கள். கரியும் அந்த டிராக்கில் ஓட்டினார், ஜெயித்தார்.

ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. இந்த விளையாட்டில் ஜெயிப்பது ஓட்டுநரா, அவருடைய பர்ஸா? யாரிடம் அதிகப் பணம் இருக்கோ அவரிடம் பெரிய எஞ்சின், நல்ல டியூனர். திறமை இருந்தும் காசு இல்லாத பையன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் மாருதி 800 வந்தது. 1983 டிசம்பரில் முதல் கார் சாவி கைமாறியது. மூணு சிலிண்டர், 796 சிசி, நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். ரேஸ்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காத எஞ்சின். கரி அதை வேறு மாதிரி பார்த்தார். எடை குறைவு, விலை குறைவு, உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். 1980-களின் கடைசியில், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஃபிரேமில், ஓட்டுநருக்குப் பின்னால் இந்த எஞ்சினை உட்கார வைத்து, ஒற்றை இருக்கைக் கார் ஒன்றைக் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி.

இங்கேதான் நம்ம த்ராட்டில் பாடி கணக்கு வருது. பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. 800 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றினால், நிமிஷத்துக்குச் சுமார் 2400 லிட்டர், அதாவது நொடிக்கு 40 லிட்டர் காற்று இழுக்கும். 32 மி.மீ. துளை வழியாக அந்தக் காற்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்துக்குச் செலவாகும் அழுத்தம் சுமார் 1500 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம். துளையை 36 மி.மீ. ஆக்கினால் பரப்பு 26 சதவீதம் கூடும். கேட்கப் பெரிசா இருக்கு. ஆனால் மிச்சமாகிற அழுத்தம் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். பட்டர்ஃபிளையும் ஷாஃப்டும் கொடுக்கிற தடையைச் சேர்த்தாலும் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவே. வால்வும் கேம்ஷாஃப்டும் பழையபடியே இருக்கும்போது காற்று அங்கே போய் நிற்கத்தான் செய்யும். பெடலை லேசாக மிதித்ததும் வண்டி துள்ளும், பவர் கூடின மாதிரி தோணும். முழுசா மிதித்தால் பழைய வண்டிதான். பட்டர்ஃபிளை சரியாகப் பொருந்தாவிட்டால் ஐடிலிங்கும் போச்சு.

இப்போ எடைப் பக்கம் பாருங்க. அதே எஞ்சின், அதே விசை. எடையைப் பாதியாக்கினால் முடுக்கம் இரண்டு மடங்கு. பிரேக் போடும்போதும் லாபம், வளைவில் திரும்பும்போதும் லாபம். நியூட்டனின் இரண்டாம் விதி, முதல் செமஸ்டர் பாடம். கரி போன வழி இதுதான். குதிரைத்திறனைத் தேடி அலையாமல், கதவு, கூரை, பின் சீட்டு எதுவும் இல்லாத ஒரு லேசான உடம்பை அந்தச் சின்ன எஞ்சினுக்குக் கொடுத்தார்.

அதைவிட முக்கியமானது, எல்லாருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின் என்கிற முறை. அங்கே பர்ஸ் ஓட்டாது, மனுஷன்தான் ஓட்டணும். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் புது டிராக் திறந்த பிறகு, இந்தக் கார்களுக்கு முறையான களமும் கிடைத்தது. நம்ம ஊரிலிருந்து ஆரணி, ஆற்காடு வழியாகச் சென்னை போனால், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வருமே, அதே இருங்காட்டுக்கோட்டைதான். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் ரேஸ் வாழ்க்கையை ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே.

அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995 ஆகஸ்டில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். வயது வெறும் 41. தரையில் ஓடுகிற இயந்திரத்தோடு அவர் ஆசை நிற்கவில்லை, வானத்தில் பறப்பதிலும் இருந்தது.

கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள டிராக் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, கரி மோட்டார் ஸ்பீட்வே. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு மோதுகிற ஃபார்முலா பாரத் போட்டி நடப்பது அங்கேதான். அந்தப் போட்டியின் விதி தெரியுமா? பெட்ரோல் எஞ்சினுக்குப் போகிற அத்தனை காற்றும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போகணும். கணக்குப்படி நொடிக்கு சுமார் 74 கிராமுக்கு மேல் காற்று அதில் நுழையவே முடியாது. த்ராட்டில் பாடியை எவ்வளவு பெரிசாக்கினாலும் பிரயோஜனம் இல்லை. ஜெயிக்கணும்னா எடை, சஸ்பென்ஷன், ஓட்டுநர் என்று மற்ற எல்லாத்தையும் யோசிக்கணும். கரி யோசித்த அதே வரிசை!

ரோட்டில் ஓடுகிற காருக்கு இன்னொரு சங்கதி. பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 குறுக்கே வரும். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் நடக்கிற ஊரில் வேகத்தைச் சோதிக்க இடமும் இல்லை.

கை அரிக்குதா? போரிங்குக்கு வச்சிருக்கிற காசை எடுத்துக்கிட்டு நாலு நண்பர்களோடு நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க. குழாய் வெட்டலாம், வெல்டிங் பழகலாம், ஒரு ஃபிரேம் கட்டலாம். செட்டிபாளையத்துக்கு இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம்தான்.