கட்டியவருக்கே பாட இடமில்லை

எங்கள் ஆலயத்தில் சனிக்கிழமை மாலை பாட்டு வகுப்பு நடக்கிறது. 16 பிள்ளைகள், அதில் 13 பேர் பெண் பிள்ளைகள். நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாகப் போகிற வேலை என்னுடையது. டியூஷனுக்குக் கேட்டாலாவது கொடுக்கலாம், பாட்டுக்கு எதுக்கு என்று பலர் கைவிரிப்பார்கள். அப்படி வெறுங்கையோடு திரும்பிய ஒரு நாள்தான் பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றி எழுதணும்னு தோணுச்சு.

1878இல் மைசூர் பக்கத்து நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்தவர். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பெண்களிடம் சங்கீதத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களே அவர்கள்தானே. சின்ன வயசிலேயே தாயை இழந்தார். பாட்டோடு மொழிகளும் படித்து, சென்னைக்கு வந்து, பெரிய பாடகியானார். நகை, வீடு, பேர் எல்லாம் சேர்ந்தது. நம்மில் பலருக்குக் கதை இங்கேயே முடிஞ்சிடும்.

1921இல் குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திருவையாற்றில், காவிரிக்கரையில், தியாகராஜ சுவாமிகளின் சமாதி பாழடைந்து கிடக்கிறது என்ற செய்தி. சுவாமிகள் மறைந்தது 1847இல். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் வித்வான்கள் பேரும் பொருளும் சம்பாதித்தார்கள். ஆராதனை நடக்காமலும் இல்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நடத்திக்கிட்டு இருந்தாங்க. (சங்கம் இரண்டாக உடைவது நமக்கும் தெரிந்த கதைதான்!) சமாதியைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அம்மையார் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இடத்துக்கு ஏற்பாடு செய்து, தன் சொந்தப் பணத்தைப் போட்டு, சுவாமிகளுக்குச் சிலையும் கோயிலும் எழுப்பினார். குடமுழுக்கும் நடந்தது.

ஆனால் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். கட்டியவருக்கே மேடை இல்லை! ஒரு டியூப் லைட் உபயம் செய்தாலே அதில் பெயர் தெரியணும்னு பார்க்கிறோம். நானாக இருந்தால் கோயிலைப் பூட்டிச் சாவியோடு ரயில் ஏறியிருப்பேன். அவர் சமாதிக்குப் பின்பக்கம் பெண்களைக் கூட்டி, தனியாக ஓர் ஆராதனை தொடங்கினார். பாடத் தெரிந்த பெண்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு கட்சி மூன்றாகியது. 1940 வாக்கில் மூன்றும் ஒன்றாகி, ஒரே விழாவில் ஆண்களும் பெண்களும் பாடத் தொடங்கினார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. 1949இல் உயில் எழுதி, தன் சொத்தை அறக்கட்டளைக்கு விட்டார். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் அங்கே பாட உரிமை இருக்கவேண்டும் என்று அதில் நிபந்தனை வைத்தார். பணத்தைக் கொடுத்ததோடு வாசல் மறுபடி மூடாதபடி தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார்.

கடைசி ஆண்டுகளைத் திருவையாற்றிலேயே கழித்து 1952இல் மறைந்தார். சுவாமிகளின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது. அங்குள்ள அவருடைய சிலை சுவாமிகளைப் பார்த்தபடியே இருக்கும்.

வரும் ஆராதனைக்கு எங்கள் வகுப்பும் பாடுகிறது. பஞ்சரத்னம் இன்னும் பிள்ளைகளுக்கு எட்டாது, சின்னக் கீர்த்தனை ஒன்று பழகுகிறார்கள். சுருதிப்பெட்டி வாங்க இன்னும் 120 வெள்ளி குறைகிறது. இந்த வாரமும் புத்தகத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்.