இரும்புக்குள் கேட்ட சரசரப்பு

ஆசிலேட்டர் பாடத்தில் 'பார்க்ஹாசன் கிரைட்டீரியன்' என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கா நண்பர்களே? இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் பண்ணிவிட்டு, அந்த ஆள் யார் என்று கேட்காமலே விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஹைன்ரிச் பார்க்ஹாசன் 1881-ல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தவர். கோட்டிங்கனில் டாக்டர் பட்டம், பெர்லினில் சீமென்ஸ் கம்பெனி வேலை, 1911-ல் டிரெஸ்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர். முப்பது வயதுகூட ஆகவில்லை!

1919-ல் அவர் வெளியிட்ட சோதனைக்கு நம் லேபில் இருக்கிற சாமான்களே போதும். இரும்புத் துண்டைச் சுற்றி ஒரு காயில்; அதிலிருந்து ஆம்ப்ளிஃபையர்; அதிலிருந்து டெலிபோன் ரிசீவர். காந்தத்தை மெள்ள மெள்ள இரும்பின் அருகே கொண்டுபோனார். நாம் ரெக்கார்டு நோட்டில் வரைகிற பி-எச் வளைவு வழுவழுவென்று இருக்கும். அது முழு உண்மை என்றால் காதில் ஒன்றும் விழக் கூடாது. ஆனால் சரசரவென்று சத்தம் கேட்டது!

காரணம் இதுதான். இரும்புக்குள் பல காந்தப் பகுதிகள் உண்டு. அவற்றின் எல்லைச் சுவர்கள் அங்கங்கே மாசுகளில் சிக்கிக்கொள்ளும். புலம் கூடக்கூட, சட்டென்று விடுபட்டுத் தாவும். ஒவ்வொரு தாவலும் காயிலில் ஒரு சின்ன வோல்ட்டேஜ். அந்த வளைவு உண்மையில் குட்டிக் குட்டிப் படிக்கட்டு. 1907-ல் வைஸ் சொன்ன காந்தப் பகுதிகளுக்கு இது சாட்சியாக அமைந்தது.

குட்டிப் படிகள் எல்லாம் சேர்ந்து ஒரே படியானால்? 1931-ல் அமெரிக்காவில் சிக்ஸ்டஸ், டாங்க்ஸ் இருவரும் நிக்கல்-இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டிச் சோதித்தார்கள். அதற்கு இரண்டே நிலை. நம் ஃபிளிப்-ஃபிளாப் மாதிரி, நடுவில் நிற்பதே கிடையாது. ஓரிடத்தில் பிறந்த சுவர் கம்பி நெடுக ஓடி, காந்தத்தை அப்படியே புரட்டிப் போட்டுவிடும். வழியில் இரண்டு காயில் வைத்து, இரண்டு பல்ஸுக்கும் இடையிலான நேரத்தைக் கொண்டு சுவரின் வேகத்தையே அளந்துவிட்டார்கள்.

பார்க்ஹாசனுக்கோ சோதனை வேறு வடிவில் வந்தது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தபோது அவருடைய ஆய்வுக்கூடமும் போய்விட்டது. அறுபதைத் தாண்டிய வயசு, ஓய்வெடுத்திருக்கலாம். 1946-ல் திரும்பி வந்து மறுபடி கட்டியெழுப்பினார். 1956 பிப்ரவரி 20-ல் அதே ஊரில் காலமானார்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சேதி: கிரைண்டிங்கில் கியர் பல் சூடேறிக் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, இன்றைக்கும் அந்தச் சரசரப்பைத்தான் கேட்கிறார்கள்.