துப்பாக்கிக்காரர்களைத் தடுத்த அம்மையார்

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் நிழல் வாசலில் விழுந்ததுமே தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடி வந்து இறக்கைக்குள் பதுங்கும். வீட்டுப் பெண்கள் கையைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் விரட்டுவதோடு சரி. அமெரிக்காவில் அப்படி விடவில்லை. பருந்து, வல்லூறு, கழுகு எதுவானாலும் கண்ட இடத்தில் சுட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் 1929-ல் ஒரு வகை வல்லூறைக் கொன்றால் 5 டாலர் சன்மானம் என்று அறிவித்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது. 5 டாலருக்கு யாரும் துப்பாக்கியைத் தூக்குவார்கள்.

அப்போது அது குற்றம் அல்ல. இன்று அங்கே ஒரு வல்லூறைச் சுட்டால் வழக்கு வரும். அந்த மாற்றத்துக்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார்.

பணக்கார வீட்டுப் பெண்

ரோசலி 1877 நவம்பர் 3-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். செல்வக் குடும்பம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அவருடைய தந்தைக்கு உறவினர். 1909-ல் ஜப்பானில் உள்ள யோகோஹாமா நகரில் சார்லஸ் எட்ஜ் என்ற ஆங்கிலேய என்ஜினீயரை மணந்தார். நாடு திரும்பிய பிறகு பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினார். துண்டுப் பிரசுரம் எழுதுவது, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது, எதிர்ப்புக்கு அஞ்சாமல் நிற்பது எல்லாம் அங்கே கற்ற பாடங்கள்தான்.

1921-ல் கணவன்-மனைவி பிரிந்தார்கள். மனம் உடைந்த ரோசலி, நியூயார்க் நகரின் நடுவில் உள்ள சென்ட்ரல் பூங்காவுக்குப் போய்ப் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வந்த ஆசை அது. துக்கத்துக்கு அது மருந்தாக இருந்தது.

1929-ல் பாரீசில் தங்கியிருந்தபோது தபாலில் ஒரு பிரசுரம் வந்தது. பறவைகளைக் காப்பதாகச் சொல்லும் சங்கங்களே அவை அழிவதை வேடிக்கை பார்க்கின்றன என்று அதில் குற்றம் சாட்டியிருந்தார்கள். குடும்பத்தார் இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க, ரோசலி அதைப் படித்துவிட்டு அறைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில், நாட்டின் பெரிய பறவைச் சங்கமான ஆடுபான் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனார். பிரசுரத்துக்கு என்ன பதில் என்று எழுந்து கேட்டார். விடாமல் கேட்டார். அவர் நேரத்தை வீணாக்கியதால் காட்ட இருந்த திரைப்படத்தைக் காட்ட முடியவில்லை, சாப்பாடும் ஆறிப்போகிறது என்று தலைவர் குறைப்பட்டுக்கொண்டார். கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

ரோசலி சொந்தமாக ஒரு குழு அமைத்தார். பிறகு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அவரை வாயாடி என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஏசினார். அம்மையார் அதை ரசித்தாராம்! கடைசியில் சுமார் 11 ஆயிரம் பேர் கொண்ட பட்டியல் அவர் கைக்கு வந்தது.

மலையில் நடந்தது

பென்சில்வேனியாவில் கிட்டாட்டினி என்ற நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே போகும் வல்லூறுகள் இதை ஒட்டியே பறக்கும். மலையில் மோதி மேலே எழும் காற்று அவற்றைத் தாங்கும். இறக்கையை அடிக்க வேண்டிய சிரமம் இல்லை. ஆனால் ஒரு முகட்டில் அவை மிகவும் தாழ்ந்து வரும். அங்கேதான் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தின்பதற்காக அல்ல, விளையாட்டுக்காகச் சுட்டார்கள். விழுந்ததை எடுக்கக்கூட ஆள் இல்லை.

1932-ல் ரிச்சர்ட் பவ் என்ற இளைஞர் அங்கே போனார். செத்துக் கிடந்த பறவைகளைப் பொறுக்கித் தரையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். படங்களைப் பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனாலும் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை.

1934-ல் ரோசலி ஒரு காரியம் செய்தார். சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் மலையையே குத்தகைக்கு எடுத்துவிட்டார். சுமார் 1,400 ஏக்கர், 500 டாலர்.

காவலுக்கு மாரிஸ் பிரவுன் என்ற இளைஞரையும் அவர் மனைவி இர்மாவையும் அனுப்பினார். முதல் பருவத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்று பிரவுன் சொல்லிவிட்டார். மலைப்பாதையில் அறிவிப்புப் பலகைகள் ஏறின. துப்பாக்கியோடு வந்தவர்கள் திட்டினார்கள், மிரட்டினார்கள். இர்மா பாதையோரம் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். ஆயுதம் தாங்கிய கூட்டத்தை ஒரு பெண் தனியாக மறிப்பது சாதாரண விஷயமா? அந்த மலையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. உச்சிப் பாறையில் உட்கார்ந்து பிரவுன் பறவைகளை எண்ணினார். முதல் பருவத்திலேயே கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது. 1938-ல் மலை சொந்தமாக வாங்கப்பட்டு, ஒரு சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. வல்லூறுகளைக் கொல்லக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2012-ல் நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே அமூர் வல்லூறுகளைப் பல்லாயிரக்கணக்கில் வலை கட்டிப் பிடித்துக் கொன்றார்கள். ஆசியாவின் வடகிழக்கிலிருந்து ஆப்பிரிக்கா போகும் வழியில் இளைப்பாற இறங்கிய பறவைகள் அவை. கிராம சபைகளே முன்வந்து தடை விதித்த பிறகுதான், 2013-ல், கொலை நின்றது.

அமெரிக்காவில் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. வெண்தலைக் கழுகுக்கு 1940-ல், பொன்னிறக் கழுகுக்கு 1962-ல், மற்ற வல்லூறுகளுக்கு நாடு முழுவதும் 1972-ல். இதற்கிடையே பிரவுனின் கணக்கு வேறொரு விதத்தில் பயன்பட்டது. கழுகுக் கூட்டத்தில் இளம் பறவைகள் குறைந்துகொண்டே போவதை அது காட்டியது. பூச்சிமருந்தின் கேட்டை விளக்க ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட நூலில் அதைச் சேர்த்தார்.

அந்த நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆடுபான் சங்கத்தின் மாநாடு நடந்தது. அம்மையாருக்கு 85 வயது. மேடையில் அவரைக் கண்டதும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. சாப்பாடு ஆறுகிறது என்று கோபித்துக்கொண்ட அதே சங்கம்தான்!

சில நாட்களில், நவம்பர் 30-ந் தேதி, அவர் காலமானார். அவர் வாங்கிய மலையில் இன்றும் இலையுதிர் காலம் தோறும் உச்சிப் பாறையில் உட்கார்ந்து வல்லூறுகளை எண்ணிக் குறித்து வருகிறார்கள்.