மெழுகுவர்த்தியின் கதை சொன்ன மேதை

மின்சாரம் நின்றுவிட்டால் நாம் மெழுகுவர்த்தியைத் தேடி ஏற்றுகிறோம். மின்சாரம் வந்ததும் ஊதி அணைத்துவிடுகிறோம். அந்தச் சிறு சுடருக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்? காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியை 1831-இல் உலகுக்குக் காட்டிய மாமேதை ஒருவர், எளிய மெழுகுவர்த்தியையும் அதே வியப்போடு நோக்கினார். அவரே மைக்கேல் பாரடே.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் அவர் பிறந்தார். தந்தை ஒரு கொல்லர், அடிக்கடி நோயுற்றவர். 1801-இல் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, ஒன்பது வயதுச் சிறுவன் பாரடேக்கு ஒரு வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் தவிரப் பள்ளியில் அவர் கற்றது வேறொன்றுமில்லை. 14-ஆம் வயதில் ரிபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகச் சேர்ந்தார். கைகள் புத்தகங்களைத் தைத்தன; கண்கள் அவற்றைப் படித்தன.

அப்படிப் படித்தவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல். ஓர் ஆசிரியை இரண்டு சிறுமியருக்குப் பாடம் சொல்வதுபோல் அமைந்தது அது. பெண்களுக்காகப் பெண் ஒருவர் எழுதிய நூல், ஓர் ஏழைச் சிறுவனை விஞ்ஞானியாக்கியது என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ!

1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற பேரறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தாமே அழகாகப் பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார் பாரடே. அதன் பயனாக 1813 மார்ச்சில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1815-இல் டேவி சுரங்கத் தொழிலாளருக்கான காப்பு விளக்கை உருவாக்கியபோது பாரடே துணைநின்றார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை அமைந்த விளக்கு அது. வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால், வெளியிலுள்ள எரிவாயுவைப் பற்றவைக்கும் அளவு சூடு வெளியேறுவதில்லை. எரிபொருள், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தீ உண்டு. ஒன்றை விலக்கினாலும் தீ இல்லை.

பிற்காலத்தில் பாரடே கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞருக்காகச் சொற்பொழிவாற்றினார். 1848-இலும் 1860-இலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மெழுகுவர்த்தி! சுடரின் வெப்பம் மெழுகை உருக்குகிறது. உருகிய மெழுகு திரி வழியே மேலேறி ஆவியாகிறது. அந்த ஆவியே காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி எரிகிறது. வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவே வைத்து, மறுமுனையில் வந்த ஆவியைப் பற்றவைத்துக் காட்டினார். சுடருக்கு மேல் குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்து, தீயிலிருந்து நீர்த்துளிகள் பிறப்பதையும் காட்டினார். எரியும்போது எழும் வெப்பம் அடுத்த துளி மெழுகை ஆவியாக்குகிறது. அது எரிந்து மேலும் வெப்பம் தருகிறது. தீ நிலைப்பதும் பரவுவதும் இவ்வாறே.

இந்த அறிவு வெறும் வேடிக்கைக்கன்று. 1844 செப்டம்பர் 28-ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஆடவரும் சிறுவருமாக 95 பேர் மாண்டனர். அரசாங்கம் பாரடேயையும் புவியியல் அறிஞர் சார்லஸ் லயலையும் விசாரணைக்கு அனுப்பியது. சுரங்கத்தில் காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று பாரடே கேட்டார். அங்கிருந்தவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவர்த்திச் சுடரில் தூவி, எழுந்த புகையின் வேகத்தைக் காட்டினார். மருந்துப் பை எங்கே என்று கேட்டபோதுதான், தாம் உட்கார்ந்திருப்பதே அதன்மேல் என்று பாரடேக்குத் தெரிந்தது! அந்த அளவுக்கு அலட்சியம் அங்கே நிலவியது.

விபத்துக்கு வாயு மட்டுமே காரணமென்று பலரும் எண்ணியிருக்க, பாரடேயும் லயலும் தூண்களிலும் சுவர்களிலும் கருகி ஒட்டியிருந்த கரித்தூளைக் கவனித்தனர். நிலக்கரிக் கட்டி மெதுவாகத்தான் எரியும், ஏனெனில் காற்று அதன் மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. அதே கரி தூளாகிக் காற்றில் பரவினாலோ, ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்ளும். எல்லாம் ஒரே கணத்தில் எரியும். வாயு மூட்டிய தீயைக் கரித்தூளே நெடுந்தூரம் கொண்டு சென்றது என்று இருவரும் அறிக்கையில் எழுதினர்.

அந்தோ! அந்த எச்சரிக்கை பல ஆண்டுகள் பொருட்படுத்தப்படவில்லை. 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தனர். பிறகுதான் எரியாத கல்தூளைச் சுரங்கப் பாதைகளில் தூவும் பாதுகாப்பு முறை பரவலாயிற்று.

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாமென்று மறுத்து, எளிய மனிதராகவே வாழ்ந்த பாரடே 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் மறைந்தார்.

தோழியரே, அடுப்பும் விளக்கும் நம் அன்றாட வாழ்வில் இருப்பவை. ஆடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது கனத்த கம்பளியால் போர்த்திக் காற்றைத் தடுக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்துச் சட்டியைத் தட்டால் மூட வேண்டும். இவையெல்லாம் அந்த மெழுகுவர்த்திச் சுடர் கற்பிக்கும் பாடங்களே. கற்றதைத் தேர்வுத் தாளில் எழுதுவதோடு நில்லாமல், வீட்டில் உள்ளோருக்கும் எடுத்துச் சொல்வோமாக!